கிங் முதல் மண்டேலா வரை... உலகப் பிரபலங்கள் ஏன் சர்ச்சில் வந்து பேசுகிறார்கள்? ஒரு நியூயார்க் தேவாலயத்தின் கதை

மார்ட்டின் லூதர் கிங் ஜூனியருக்கு அதிகமாகத் திட்டு வாங்கித் தந்த உரைகளில் ஒன்று எது தெரியுமா? 1963-ல் வாஷிங்டனில் அவர் தன் கனவைச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற உரை அல்ல. 1967 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை இரவு, நியூயார்க்கின் ரிவர்சைடு சர்ச்சில் வியட்நாம் போருக்கு எதிராக அவர் ஆற்றிய உரைதான் அது.

அன்று அங்கே 3,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் மூன்றே நாட்களுக்குள் 'வாஷிங்டன் போஸ்ட்', 'நியூயார்க் டைம்ஸ்' இரண்டுமே அவரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதிவிட்டன. சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே ரிவர்சைடு சர்ச்சுக்குத்தான் பின்னாளில் நெல்சன் மண்டேலா வந்தார். ஃபிடல் காஸ்ட்ரோவும் வந்தார். கடவுள் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், வேறு மதத்தவர் எனப் பலரும் அமெரிக்கத் தேவாலயங்களில் பேசியிருக்கிறார்கள். பல்கலைக்கழக அரங்குகளும் பெரிய ஆடிட்டோரியங்களும் நிறைந்த நாட்டில் இவர்கள் ஏன் சர்ச்சைத் தேடிப் போகிறார்கள்? இடம் கொடுக்கும் சர்ச்சுக்கு என்ன லாபம், என்ன தலைவலி? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பிரசங்கம் வேறு, பொது உரை வேறு

முதலில் ஒரு தெளிவு. சர்ச்சில் நடக்கும் எல்லாப் பேச்சும் பிரசங்கம் அல்ல. ஞாயிறு ஆராதனையில் போதகர் பேசுவது பிரசங்கம். அதன் மையம் வேதாகமம். கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சபையின் உறுப்பினர்கள். பொது உரை அப்படி அல்ல. பேச்சாளர் வெளியிலிருந்து வருவார். எழுத்தாளராக இருக்கலாம், விஞ்ஞானியாக இருக்கலாம், அரசியல் தலைவராகவும் இருக்கலாம். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். ஜெபம் செய்ய வேண்டும் என்றோ, ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றோ யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் ரொம்பப் பழசு. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்ன ஊர்களில் பெரிய கூட்டம் உட்காரும் கட்டடம் என்றால் அது பெரும்பாலும் தேவாலயம்தான். மேடை இருக்கும், வரிசையாகப் பெஞ்சுகள் இருக்கும், ஊரின் நடுவிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நிரம்பி வழியும் இடம், மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும். 1826-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசையா ஹோல்புரூக் தொடங்கி வைத்த 'லைசியம்' இயக்கம் ஊர் ஊராகப் பொது அறிவுச் சொற்பொழிவுகளைக் கொண்டுபோனபோது, பல ஊர்களில் அதற்கு இடம் கொடுத்தவை தேவாலயங்களே.

1837 ஆகஸ்ட் 31 அன்று ரால்ஃப் வால்டோ எமர்சன் ஆற்றிய 'அமெரிக்க அறிஞர்' என்ற உரையை, அமெரிக்காவின் அறிவுலகச் சுதந்திரப் பிரகடனம் என்றே வர்ணிப்பார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக நிகழ்ச்சிக்காகத்தான் அவர் பேசினார். ஆனால் பேசிய இடம், ஹார்வர்டு வளாகத்துக்கு எதிரே இருக்கும் ஃபர்ஸ்ட் பாரிஷ் தேவாலயம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் பிளைமத் சர்ச் இன்னொரு உதாரணம். அடிமை முறைக்கு எதிராகக் குரல் கொடுத்த ஹென்றி வார்டு பீச்சர்தான் அதன் முதல் போதகர். 1859-ல், அதிகம் அறியப்படாத இல்லினாய்ஸ் வழக்கறிஞர் ஒருவருக்கு 200 டாலர் சன்மானத்துடன் அந்தச் சர்ச்சில் உரையாற்ற அழைப்பு போனது. அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். பிறகு ஏற்பாட்டாளர்கள் மாறியதால், உரை மன்ஹாட்டனில் உள்ள கூப்பர் யூனியன் அரங்குக்கு மாற்றப்பட்டது. 1860 பிப்ரவரி 27 அன்று அங்கே பேசிய பேச்சுதான் லிங்கனை அதிபர் வேட்பாளர் என்ற உயரத்துக்கு நகர்த்தியது. கடைசியில் உரை நடந்தது வேறு அரங்கில் என்றாலும், முதல் அழைப்பு ஒரு சர்ச் மேடைக்கானது.

சென்னை இளைஞர்கள் அனுப்பி வைத்த பேச்சாளர்

இந்த வரலாற்றில் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1893-ல் சுவாமி விவேகானந்தர் அமெரிக்கா போவதற்கு, அளசிங்கப் பெருமாள் தலைமையில் சென்னை இளைஞர்கள் வீடு வீடாகப் போய் நிதி திரட்டினார்கள். செப்டம்பரில் சிகாகோ சர்வசமய மாநாட்டில் அவர் பேசியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஆகஸ்ட் மாத இறுதியில், மாசசூசெட்ஸின் ஆனிஸ்குவாம் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு தேவாலயத்தில் அவர் உரையாற்றினார். ஏற்பாடு செய்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்.

அன்று நடந்த ஒரு விஷயம் சுவாரசியமானது. இந்தியாவில் இந்து முறைப்படியே நடக்கப்போகும் ஒரு கல்வி நிலையத்துக்காக, அந்தக் கிறிஸ்தவத் தேவாலயத்தில் காணிக்கை வசூல் நடந்தது. மிஷனரிகளை அனுப்பப் பணம் திரட்டிப் பழகிய சபைகளின் காலம் அது. இந்தத் தலைகீழ்க் காட்சியைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று பேராசிரியரின் மனைவி தன் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரின் யூனிடேரியன் சர்ச்சில் விவேகானந்தர் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கிறிஸ்தவ மிஷனரிகளின் அணுகுமுறையை விமர்சிக்கவும் அவர் தயங்கவில்லை. தேவாலயத்தின் மேடையிலேயே நின்று மிஷனரிகளைக் கேள்வி கேட்க முடிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். எல்லாச் சபைகளும் அப்படி இடம் கொடுத்துவிடவில்லை. யூனிடேரியன் போன்ற தாராளப் போக்குள்ள சில சபைகளே கொடுத்தன. அப்படிக் கொடுத்த சபைகளின் வழியில், ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய அளவில், 20-ம் நூற்றாண்டில் எழுந்ததுதான் ரிவர்சைடு.

பேச்சுக்காகவே கட்டப்பட்ட சர்ச்

ரிவர்சைடு சர்ச்சின் கதை ஒரு சர்ச்சையில் தொடங்குகிறது. ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் என்ற போதகர் 1922-ல், நியூயார்க்கின் ஃபர்ஸ்ட் பிரெஸ்பிடேரியன் தேவாலயத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். வேதாகமத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்காதவர்களுக்கும் சபையில் இடம் உண்டு, அறிவியலும் விசுவாசமும் எதிரிகள் அல்ல என்பது அவர் வாதம். அடிப்படைவாதிகள் கொதித்துப்போனார்கள். திருச்சபை விசாரணை வரை விஷயம் போய், கடைசியில் அவர் அந்தப் பொறுப்பை விட்டு விலகினார்.

அவரைத் தன் சபைக்கு அழைத்தவர், அன்றைய அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். பெரும் பணக்காரரின் போதகர் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று ஃபாஸ்டிக் தயங்கினார். "என் பணத்துக்காக உங்களைத் திட்டுபவர்கள் அதிகமா, உங்கள் இறையியலுக்காக என்னைத் திட்டுபவர்கள் அதிகமா?" என்ற தொனியில் ராக்ஃபெல்லர் திருப்பிக் கேட்டார் என்பார்கள். கடைசியில் ஃபாஸ்டிக் நிபந்தனைகளோடு சம்மதித்தார். எந்தப் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவரும் சேரலாம் என்ற திறந்த உறுப்பினர் முறை வேண்டும். நகரத்துக்கே பயன்படும் பெரிய கட்டடம் வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

அப்படி எழுந்து 1930 அக்டோபரில் திறக்கப்பட்டதுதான் ரிவர்சைடு சர்ச். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஹார்லெம் பகுதியை ஒட்டி, ஹட்சன் நதியைப் பார்த்தபடி நிற்கிறது. கோபுரத்தின் உயரம் 392 அடி. வெளியிலிருந்து பார்த்தால் ஐரோப்பாவின் பழைய கோதிக் பேராலயம் போலத் தெரியும். உள்ளே அது எஃகுச் சட்டகத்தின் மேல் எழுந்த 20-ம் நூற்றாண்டுக் கட்டடம்.

உள்கூரையில்தான் ஒரு ரகசியம் இருக்கிறது. உயரமான கல் கட்டடத்தில் பேசினால் எதிரொலி வரும். சொல்லோடு சொல் கலந்து ஒன்றும் புரியாது. ரிவர்சைடின் உள்கூரையில் ஒலியை உறிஞ்சும் குவாஸ்டவினோ ஓடுகளைப் பதித்தார்கள். பேச்சு தெளிவாகக் கேட்டது. ஆனால் எதிரொலி இருந்தால்தான் ஆர்கன் இசை கம்பீரமாக ஒலிக்கும். ஆகவே இசைக்கலைஞர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. 1990-களில் அந்த ஓடுகளின் மேல் பூச்சு அடித்து, இசைக்குத் தோதாக மாற்றினார்கள். பாட்டை விடப் பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்து எழுந்த சர்ச் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

1961-ல் இந்தச் சர்ச் இன்னொரு படி மேலே போனது. டபிள்யூ.ஆர்.வி.ஆர். என்ற பெயரில் சொந்தமாக ஒரு எஃப்.எம். வானொலி நிலையத்தையே தொடங்கியது. 1970-களின் நடுவில் அதை விற்கும் வரை, ரிவர்சைடின் குரல் அதன் சுவர்களைத் தாண்டி நகரமெங்கும் கேட்டது.

கிங் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்?

இப்போது 1967-க்கு வருவோம். அமைதிக்கான நோபல் பரிசை 1964-லேயே பெற்றுவிட்டவர் கிங். அதிபர் லிண்டன் ஜான்சனோடு சேர்ந்து வேலை செய்ததன் பலனாக 1964-ல் சிவில் உரிமைச் சட்டமும், 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்திருந்தன. அதே ஜான்சன்தான் வியட்நாம் போரையும் நடத்திக்கொண்டிருந்தார். போரை விமர்சித்தால் வெள்ளை மாளிகையின் கதவு மூடப்படும், நன்கொடை குறையும், 'கம்யூனிஸ்ட்' முத்திரை விழும். ஆலோசகர்கள் பலர் "இப்போது வேண்டாம்" என்றே சொன்னார்கள்.

1967 ஜனவரியில் 'ராம்பார்ட்ஸ்' பத்திரிகையில் வெளியான, தீயில் கருகிய வியட்நாம் குழந்தைகளின் படங்கள் கிங்கை உலுக்கின. இனிமேலும் சும்மா இருக்க முடியாது என்று முடிவெடுத்தார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் போருக்கு எதிராகப் பேசவும் செய்தார். ஆனால் நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது ஏப்ரல் 4 உரைக்குத்தான்.

இடத்தைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது. ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கில் ஒரு மாபெரும் போர் எதிர்ப்புப் பேரணி நடக்க இருந்தது. கிங் அதில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். அந்த மேடையில் தீவிரமான பல குழுக்கள் இருக்கும், கோஷங்கள் பறக்கும். கிங் என்ன சொன்னார் என்பது அந்தச் சத்தத்தில் காணாமல் போய்விடும் என்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் பயந்தார்கள். ஆகவே, பேரணிக்கு முன்பே, அமைதியான மரியாதைக்குரிய ஓரிடத்தில், ஒரு போதகராக நின்று அவர் தன் காரணங்களை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். ரிவர்சைடு அதற்குப் பொருத்தமாக இருந்தது.

நிகழ்ச்சியை நடத்தியது சர்ச் நிர்வாகம் அல்ல. வியட்நாம் குறித்துக் கவலை கொண்ட குருமார்கள், சாதாரண விசுவாசிகளின் கூட்டமைப்பு ஒன்று நடத்தியது. புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க, யூத மதத்தவர்கள் அதில் இருந்தார்கள். யூத அறிஞர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல், வரலாற்றாசிரியர் ஹென்றி ஸ்டீல் காமாஜர், பக்கத்திலேயே இருக்கும் யூனியன் இறையியல் கல்லூரியின் தலைவர் ஜான் பென்னட் ஆகியோரும் அன்று கிங்கோடு மேடையில் இருந்தார்கள்.

அன்று என்ன பேசினார்?

கிங் பெரும்பாலும் குறிப்பு இல்லாமல், கூட்டத்தின் நாடி பிடித்துப் பேசக்கூடியவர். அன்று அப்படிச் செய்யவில்லை. எழுதி வைத்திருந்த உரையைக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நிதானமாக வாசித்தார். அதன் வரைவை எழுதியவர் அவரது நண்பரும் வரலாற்று ஆய்வாளருமான வின்சென்ட் ஹார்டிங்.

உரையின் சாரம் இதுதான்:

• உள்நாட்டில் வறுமையை ஒழிக்க ஒதுக்க வேண்டிய பணத்தைப் போர் விழுங்குகிறது.

• சொந்த ஊரில் கிடைக்காத சுதந்திரத்தை 8,000 மைல் தாண்டிக் காப்பாற்றக் கறுப்பின இளைஞர்கள் அனுப்பப்படுகிறார்கள்.

• கோபத்தில் இருக்கும் இளைஞர்களிடம் "வன்முறை வேண்டாம்" என்று சொல்லும்போது, "அரசு மட்டும் வியட்நாமில் என்ன செய்கிறது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் இல்லை.

• இனவெறி, பொருளாசை, ராணுவ வெறி மூன்றும் தனித்தனி நோய்கள் அல்ல, ஒன்றோடொன்று பின்னியவை.

அதோடு நிறுத்தவில்லை. குண்டுவீச்சை நிறுத்துவதில் தொடங்கி, 1954 ஜெனிவா ஒப்பந்தத்தின்படி வெளிநாட்டுப் படைகள் வெளியேறத் தேதி குறிப்பது வரை ஐந்து நடவடிக்கைகளைப் பட்டியலிட்டார். உலகிலேயே அதிகமாக வன்முறையைப் பரப்புவது தன் சொந்த நாட்டின் அரசுதான் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அங்கேதான் நெருப்புப் பற்றிக்கொண்டது.

என்ன விலை கொடுத்தார்?

ஏப்ரல் 7 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதிய தலையங்கத்தின் தலைப்பே, டாக்டர் கிங்கின் தவறு என்ற பொருளில் இருந்தது. சிவில் உரிமையையும் போரையும் ஒன்றாகக் குழப்புகிறார் என்பது அதன் வாதம். தன் இயக்கத்துக்கும் நாட்டுக்கும் அவரால் இருந்த பயன் குறைந்துவிட்டது என்ற தொனியில் 'வாஷிங்டன் போஸ்ட்' எழுதியது. 'லைஃப்' பத்திரிகை அவர் பேச்சை ஹனோய் வானொலிப் பிரசாரத்தோடு ஒப்பிட்டது.

வெளியார் மட்டும் என்றால் பரவாயில்லை. கறுப்பின மக்களின் மிகப் பழமையான உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யே, சிவில் உரிமை இயக்கத்தையும் போர் எதிர்ப்பு இயக்கத்தையும் இணைப்பது பெரிய வியூகப் பிழை என்று தீர்மானம் போட்டது. ஜான்சனோடு இருந்த உறவு முறிந்தது. திட்டமிட்டபடி ஏப்ரல் 15 பேரணி நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்.

இன்று அதே உரை பாடப்புத்தகங்களில் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் அலசப்படுகிறது. கைதட்டல் கிடைக்கும் பேச்சுக்கு எந்த அரங்கமும் கதவைத் திறக்கும். ஸ்பான்சரும் ஆலோசகர்களும் "இது வேண்டாமே" என்று ஒதுங்கும் பேச்சுக்கு யார் திறக்கிறார்கள் என்பதில்தான் ஒரு பொது மேடையின் மதிப்பு தெரியும். இந்த விஷயத்தில் 1967-ன் ரிவர்சைடு தேறியது. ஆனால் எப்போதும் அப்படித் தேறியதா?

அழைக்காமலே வந்த பேச்சாளர்

இரண்டே ஆண்டுகளில் அடுத்த சோதனை வந்தது. 1969 மே 4, ஞாயிறு காலை ஆராதனை. கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் ஃபோர்மன் நேராக முன்னால் போய் நின்றார். அடிமை முறைக்கு இழப்பீடாக, அமெரிக்காவின் வெள்ளையர் தேவாலயங்களும் யூதர்களின் வழிபாட்டிடங்களும் 50 கோடி டாலர் தர வேண்டும் என்று கோரும் 'கறுப்பு அறிக்கை'யை வாசிக்கத் தொடங்கினார். சர்ச்சின் வானொலியில் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் ரிவர்சைடிடம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று.

அப்போதைய தலைமைப் போதகர் எர்னஸ்ட் கேம்ப்பெல் எழுந்து வெளியேறினார். சபையாரில் பெரும்பாலானவர்கள் அவர் பின்னால் போனார்கள். கிங்குக்கு எழுந்து நின்று கைதட்டல் கிடைத்த அதே கூடத்தில் நடந்தது இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெளிநடப்பு செய்த அதே கேம்ப்பெல், சில நாட்களிலேயே சர்ச்சின் வானொலியில் பேசினார். ஆராதனையைக் குலைத்த முறையை ஏற்கவில்லை. ஆனால் இழப்பீடு என்ற கருத்தில் நியாயம் இருக்கிறது என்றார். பின்னர் சமூக நீதிப் பணிகளுக்காகச் சர்ச் தனி நிதியையும் ஒதுக்கியது. அழைத்து வரும் பேச்சாளரைக் கேட்பது சுலபம். கதவைத் தள்ளிக்கொண்டு வருபவரைக் கேட்பது கஷ்டம். ரிவர்சைடு தடுமாறியது, ஆனாலும் காதை மூடிக்கொள்ளவில்லை.

மண்டேலா வந்தார், காஸ்ட்ரோவும் வந்தார்

27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து 1990 பிப்ரவரியில் விடுதலையான நெல்சன் மண்டேலா, அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கா வந்தார். ஜூன் 21 அன்று ரிவர்சைடில் அவருக்காகச் சர்வமத வழிபாடு நடந்தது. நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் அமெரிக்கத் தேவாலயங்கள் பல முன்னணியில் இருந்தன. எனவே அங்கே அவர் போனது, பேச மட்டும் அல்ல, நன்றி சொல்லவும்தான்.

10 ஆண்டுகள் கழித்து, 2000 செப்டம்பரில், ஐ.நா.வின் மில்லேனியம் மாநாட்டுக்காக நியூயார்க் வந்த கியூபா அதிபர் ஃபிடல் காஸ்ட்ரோ அதே சர்ச்சில் பேசினார். நான்கு மணி நேரத்துக்கும் மேல்! மண்டேலாவுக்கு மேடை கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் பாராட்டுவார்கள். காஸ்ட்ரோ விஷயம் அப்படி இல்லை. அரசியல் எதிரிகளைச் சிறையில் தள்ளிய, பல கட்டத் தேர்தல் அல்ல, பல கட்சித் தேர்தலே நடத்தாத ஒருவருக்கு, கேள்விக்கு இடமில்லாத நான்கு மணி நேர மேடை கொடுப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. "கேட்பதும் ஏற்பதும் ஒன்றல்ல" என்பது இப்படி மேடை கொடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

சர்ச்சில் அரசியல் பேசலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் தேவாலயங்களுக்கு வரி விலக்கு உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் அது வருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை: தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது. 1954-ல் இந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அன்று செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன்! கிங் ரிவர்சைடில் நின்று விமர்சித்தது இதே ஜான்சன் அதிபராக நடத்திய போரைத்தான்.

அப்போது கிங் சட்டத்தை மீறினாரா? இல்லை. கொள்கையை விமர்சிக்கலாம், போர், வறுமை, இனவெறி பற்றிப் பேசலாம். 'இவருக்கு ஓட்டுப் போடுங்கள்' என்பதுதான் கூடாது. வேட்பாளர்களைக்கூட அழைக்கலாம், எல்லோருக்கும் சம வாய்ப்பு கொடுத்தால். அங்கே நிதி வசூலிக்கக் கூடாது.

கோடு எங்கே இருக்கிறது என்பதில் குழப்பமும் உண்டு. 2004 அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாட்கள் முன்பு, கலிபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஆல் செயின்ட்ஸ் சர்ச்சில், ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் ஈராக் போரை விமர்சித்துப் பேசினார். யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை என்றே சர்ச் சொன்னது. ஆனாலும் வருமான வரித் துறை விசாரணை தொடங்கியது. 2007-ல் வரி விலக்கை ரத்து செய்யாமலே விசாரணையை முடித்துக்கொண்டது. 2025 ஜூலையில் அதே துறை டெக்சாஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில், வழிபாட்டின்போது தன் சபையாரிடம் ஒரு போதகர் தேர்தல் பற்றிப் பேசுவதைப் பிரசாரமாகக் கருத வேண்டியதில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கோடு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று எப்படி நடக்கிறது?

யூடியூபும் பாட்காஸ்ட்டும் வந்த பிறகும் சர்ச் உரைகள் நின்றுவிடவில்லை. மூன்று வகையாக இவற்றைப் பிரிக்கலாம்.

முதல் வகை, சர்ச்சே நடத்துவது. மினியாபோலிஸ் நகரின் மையத்தில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பிரெஸ்பிடேரியன் சர்ச், 1980 முதல் 'டவுன் ஹால் ஃபோரம்' என்ற உரைத் தொடரை நடத்துகிறது. அனுமதி இலவசம். இந்த உரைகள் மினசோட்டா பொது வானொலி மூலம் மாநிலம் முழுவதும் போய்ச் சேர்ந்தன. மதப் பிரசாரம் நோக்கமல்ல. காலத்தின் முக்கியப் பிரச்சினைகளை அறத்தின் பார்வையில் பேசுவதே நோக்கம்.

இரண்டாவது வகை, சர்ச்சில் பிறந்து பொது அமைப்பாக வளர்ந்தது. எமர்சன் பேசிய அதே ஃபர்ஸ்ட் பாரிஷில் 1967-ல் தொடங்கிய 'கேம்பிரிட்ஜ் ஃபோரம்' இப்படிப்பட்டது. அருகில் இருக்கும் ஹார்வர்டு புத்தகக் கடையும், கூட்டம் அதிகம் வரும் எழுத்தாளர் என்றால் அந்தத் தேவாலயத்தில்தான் நிகழ்ச்சி வைக்கும். கடைக்குள் சில டஜன் நாற்காலிகள்தானே போட முடியும்!

மூன்றாவது வகை, கட்டடம் மட்டும் மிஞ்சியது. சியாட்டில் நகரில் கிறிஸ்டியன் சயின்ஸ் பிரிவினரின் பழைய தேவாலயம் ஒன்று, 1999 முதல் 'டவுன் ஹால் சியாட்டில்' என்ற உரை, இசை அரங்கமாக இயங்குகிறது. வழிபாடு போய்விட்டது. அரை வட்டமாகப் போட்ட பெஞ்சுகளும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் அப்படியே இருக்கின்றன.

ஏற்பாட்டாளர்களுக்கு இதில் வசதிகள் பல. ஊர் நடுவில் பெரிய கூடம், ஹோட்டல் அரங்கை விடக் குறைந்த வாடகை, ஒலிபெருக்கி வசதி தயாராக இருக்கும். சர்ச்சுக்கும் பயன் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்து, பழைய கட்டடத்தின் பராமரிப்புச் செலவு ஏறும் காலத்தில், வார நாட்களிலும் கதவு திறந்திருப்பது ஊரோடு தொடர்பை வைத்திருக்க உதவுகிறது.

சிக்கல்களும் இருக்கின்றன

சர்ச் வாசலைத் தாண்டவே தயங்குபவர்கள் உண்டு. வேற்று மதத்தவர்கள், மத அமைப்புகளால் காயப்பட்டவர்கள், நாத்திகர்கள் போன்றோருக்கு 'எல்லோரும் வரலாம்' என்ற பலகை மட்டும் போதாது. யாரை அழைப்பது என்பதைச் சபைக்குள் ஒரு சின்னக் குழுதான் முடிவு செய்யும். அந்தக் குழுவின் அரசியல் ஒரே பக்கம் சாய்ந்தால், மேடையும் அந்தப் பக்கமே சாயும். தாராளவாதச் சபைகளுக்கும் இது பொருந்தும், பழமைவாதச் சபைகளுக்கும் பொருந்தும். பணமும் ஒரு கேள்வி. ரிவர்சைடுக்கு ராக்ஃபெல்லரின் செல்வம் இருந்தது. அந்தத் தெம்பில் சர்ச்சையைத் தாங்க முடிந்தது. நன்கொடையாளர் ஒருவர் கோபித்துக்கொண்டால் மின்கட்டணமே கட்ட முடியாத சின்னச் சபைக்கு அந்தத் துணிச்சல் சுலபமாக வராது.

ஆகவே அடுத்த முறை வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் ஒரு பிரபலம் பேசும் வீடியோ உங்கள் மொபைலில் வந்தால், மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அழைத்தது யார்? செலவு யாருடையது? பேச்சு முடிந்ததும் பார்வையாளர்கள் கேள்வி கேட்க முடிந்ததா? அது உண்மையிலேயே பொது மேடையா, கோபுரம் வைத்த பிரசார மேடையா என்பது இந்த மூன்றிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.